ரொறன்ரோ வசந்தத்தில் கத்தரி, பாகல், வெண்டி: எப்போது விதைப்பது, எப்போது வெளியே வைப்பது?

(தோட்டக்காரர் மன்றம் ஒன்றின் உரையாடல். வளவு, பந்தல், நாற்றுமேடை, கீரைப்பாத்தி என்பவை எழுதுவோரின் புனைபெயர்கள்.)

மார்ச் 8 · வளவு (ஸ்காபரோ)

கத்தரி, பச்சை மிளகாய், தக்காளி, வெண்டி, பாகல், புடோல், அவரை விதைகள் கையில் இருக்கின்றன. கொத்தமல்லியும் வெந்தயமும் தனி. எல்லாவற்றையும் இந்தக் கிழமையே வீட்டுக்குள் போட்டு, மே லோங் வீக்கெண்டில் (மே மூன்றாம் கிழமை அளவில் வரும் நீண்ட விடுமுறை) ஒன்றாக வெளியே வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. 4×8 அடிப் பாத்தி இரண்டு, தெற்கு வெயில். யன்னலோரம் வெளிச்சம் உண்டு. பிழை இருந்தால் சொல்லுங்கோ.

மார்ச் 8 · பந்தல்

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்தக் கிழமை சரி. மற்றவைக்குச் சரிவராது. பாகலை இப்போது போட்டால் மே வருவதற்குள் கொடி யன்னலெல்லாம் ஓடி, வேர் சாடியைச் சுற்றிச் சுருண்டுவிடும். வெளியே வைத்ததும் இரண்டு கிழமை அசையாமல் நிற்கும். ஏப்ரல் கடைசியில் போட்ட சின்னக் கன்று அதை முந்திப் போய்விடும்.

வெளியே வைக்கும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கத்தரி, மிளகாய் 8 முதல் 10 கிழமை. தக்காளி 6 முதல் 8. பாகல், புடோல் 3 முதல் 4. வெண்டி 3 கிழமைக்கு மேல் சாடியில் இருக்கக் கூடாது, அதன் ஆணிவேர் முட்டினால் செடி கோபித்துக்கொள்ளும். கொத்தமல்லி, வெந்தயம் வீட்டுக்குள் தேவையே இல்லை, நேரே பாத்திக்கு.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல இருக்கிறது. எந்த அவரை என்று முதலில் சொல்லுங்கோ.

மார்ச் 8 · வளவு

ஊரில் இருந்து வந்த அவரை. தட்டையான காய், ஊதாப் பூ. சிறகவரை விதையும் பத்து இருக்கிறது.

மார்ச் 9 · நாற்றுமேடை

யன்னலோர வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மார்ச் மாதத்து ரொறன்ரோ யன்னலில் நாற்று ஒரு பக்கம் சாய்ந்து நூல் போல நீளும். அறைச் சூடு வளரச் சொல்கிறது, வெளிச்சம் போதவில்லை, அதனால் தண்டு மட்டும் ஓடுகிறது. கராஜில் மாட்டுகிற சாதாரண 4 அடி எல்ஈடி லைற் போதும். விலை கூடிய ஊதா லைற் தேவையில்லை. இலை நுனிக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் மேலே தொங்கவிட்டு, செடி வளர வளரச் சங்கிலியை உயர்த்துங்கோ. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். ரைமர் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை.

மண்: வளவு மண்ணை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். நாற்றுக்கென்று விற்கிற பீற் (சதுப்பு நில மட்கு) கலவையை வாங்கி, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையில் பிடித்துப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி விழும் பதத்தில் நிரப்புங்கோ. காய்ந்த பீற்றில் விதை போட்டு மேலால் தண்ணீர் விட்டால் தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும், நடுவில் தூளாகவே இருக்கும்.

மார்ச் 22 · வளவு

தக்காளியைப் பிறகு போடுகிறேன். கத்தரியும் மிளகாயும் போட்டு 12 நாள். கத்தரி ஒன்றிரண்டு தலை காட்டுகிறது. மிளகாய் ஒன்றுமில்லை. விதை பழசோ?

மார்ச் 22 · நாற்றுமேடை

எங்கே வைத்திருக்கிறீர்கள்? பேஸ்மன்ற் என்றால் அங்கே 17, 18 பாகை செல்சியஸ்தான் இருக்கும். மிளகாய்க்கு மண்ணின் சூடு 27 முதல் 30 பாகை இருந்தால் ஒன்று இரண்டு கிழமையில் முளைக்கும். 18 இல் மூன்று கிழமை தாண்டும், சிலது அழுகியும் போகும். ஹீற்மாற் (நாற்றுக்குச் சூடு கொடுக்கிற மின் விரிப்பு) இருந்தால் தட்டின் கீழ் விரியுங்கோ. இல்லாவிட்டால் பிரிட்ஜின் மேல், ஈரம் போகாமல் மூடி வையுங்கோ. முளைக்க வெளிச்சம் தேவையில்லை. பச்சை தெரிந்த அன்றே லைற்றின் கீழ் மாற்ற வேண்டும், ஒரு நாள் தவறினாலும் தண்டு நீளும். பாதிக்கு மேல் முளைத்ததும் ஹீற்மாற்றை எடுத்துவிடுங்கோ. அதன் பிறகு பகலில் 20 முதல் 22, இரவில் ஒன்றிரண்டு குறைவு. சூடு கூடினால் செடி தளர்ந்து வளரும்.

மார்ச் 23 · பந்தல்

காய்ந்த செத்தல் மிளகாயில் இருந்து எடுத்த விதையா என்றும் பாருங்கோ. கடைச் செத்தல் வெயிலில் காய்ந்ததா மெஷினில் காய்ந்ததா என்று தெரியாது. சூடு கூடிக் காய்ந்தால் விதை செத்துவிடும். பத்து விதையை ஈரமான பேப்பர் டவலில் சுற்றிப் பையில் போட்டுச் சூட்டில் வைத்தால் இரண்டு கிழமையில் விடை தெரியும்.

ஏப்ரல் 4 · வளவு

கத்தரி நாற்று நாலைந்து இரவோடு இரவாக அடியில் சூம்பிச் சாய்ந்துவிட்டது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 4 · நாற்றுமேடை

நாற்றழுகல். மண் மட்டத்தில் தண்டு நூல் போல ஒடுங்கியிருக்கும். சாய்ந்தவை பிழைக்காது, சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறியுங்கோ. மிச்சத்தைக் காப்பாற்ற மூன்று வேலை: மூடியைக் கழற்றுவது, சின்ன விசிறி ஒன்றை இலை மெல்ல ஆடும் அளவுக்கு ஓட விடுவது, தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியால் உறிஞ்ச விட்டு 20 நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டுவது. மேல் மண் காய்ந்து நிறம் வெளிறிய பிறகே அடுத்த தண்ணீர். கறுவாத் தூள் தூவச் சொல்வார்கள். தூவலாம், ஆனால் ஈரம் குறையாமல் கறுவா மட்டும் காப்பாற்றாது.

முதல் வரும் வித்திலை இரண்டுக்கும் பிறகு, உண்மையான இலை இரண்டு வந்ததும் 10 சென்ரிமீற்றர் சாடிக்கு மாற்றுங்கோ. தண்டைப் பிடிக்காமல் இலையில் பிடித்துத் தூக்க வேண்டும். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் செடி போச்சு. அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை, லேபலில் சொன்ன அளவில் கால்வாசிப் பசளை.

ஏப்ரல் 14 · பந்தல்

வெளியே இரண்டு நாள் வெயில் கண்டதும் எல்லோருக்கும் மண்வெட்டி தூக்க ஆசை வரும். ஸ்காபரோவில் பல வளவுகள் களிமண். ஒரு பிடி அள்ளி உருட்டி, பெருவிரலால் குத்திப் பாருங்கோ. உதிர்ந்தால் கொத்தலாம். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் வையுங்கோ மண்வெட்டியை. ஈரக் களியைக் கொத்தினால் ஜூனில் செங்கல்லாக இறுகும், அந்த வருடம் முழுக்க உடைக்க முடியாது.

உயர்த்திய பாத்தி என்றால் இந்தக் காத்திருப்பு இல்லை. உங்கள் 4×8 பாத்தி ஒரு அடி உயரம் என்றால் 32 கன அடி, ஏறக்குறைய 1.2 கன யார் மண். ரிப்பிள் மிக்ஸ் (மேல்மண், பீற், மட்கு கலந்து விற்பது) கொட்டினால் முதல் வருடமே அமர்ந்து தாழும், அதற்கும் சேர்த்து எடுங்கோ. காளான் உரத்தை மட்டும் நிரப்ப வேண்டாம். அதில் உப்புக் கூடுதல், நாற்றின் இலையோரம் கருகும். மண்ணில் கால்வாசிக்கு மேல் போகாமல் கலந்தால் நல்ல சாமான்.

ஏப்ரல் 14 · கீரைப்பாத்தி

கொத்தமல்லிக்கும் வெந்தயத்துக்கும் இதுதான் நேரம். லேசான பனியைத் தாங்கும். சமையலறை மல்லியே போதும், வறுத்ததாக இல்லாவிட்டால் சரி. ஒவ்வொரு மல்லிக்குள்ளும் இரண்டு விதை. பலகையில் பரப்பிப் போத்தலால் மெல்ல உருட்டிப் பாதியாகப் பிளந்து, ஓரிரவு ஊறவிட்டு, 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் வரிசையாகப் போடுங்கோ. குளிர் மண்ணில் முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும். காணவில்லை என்று மறுபடி கிளற வேண்டாம்.

முழுப் பையையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஜூனில் பகல் நீண்டு சூடு ஏறியதும் கொத்தமல்லி பூத்தண்டு விட்டு இலை சிறுத்துவிடும். தண்ணீரால் அதைத் தடுக்க முடியாது. இரண்டு கிழமைக்கு ஒரு வரிசை என்று மே கடைசி வரை, பிறகு ஓகஸ்ட் நடுவில் மறுபடி. இடையில் பூத்ததைப் பிடுங்க வேண்டாம், பச்சை மல்லிக்காய் சம்பலுக்கு அருமை.

வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி, 10 சென்ரிமீற்றர் வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டலாம். முள்ளங்கி, பீற்றூட், நோக்கோல், பட்டாணி எல்லாம் இப்போதே போடலாம். நோக்கோலுக்கு மேலே மெல்லிய துணி போடாவிட்டால் வெள்ளை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை இடும்.

புதினாவுக்கு விதை வாங்க வேண்டாம். கடைக் கட்டில் நல்ல தண்டு நாலை அடி இலை களைந்து தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் வரும். பாத்தியில் மட்டும் வைக்காதீர்கள். நிலத்துக்குள்ளால் ஓடி அடுத்த வருடம் பாத்தியே புதினாவாகிவிடும். சாடி போதும், ரொறன்ரோ குளிரைத் தாங்கித் திரும்ப வரும். பொன்னாங்காணி, பசளித் தண்டும் இதே வேலைதான், ஆனால் அவை பனிக்கு நிற்காது.

ஏப்ரல் 27 · பந்தல்

பாகல், புடோல் போடும் நாள் வந்துவிட்டது. பாகல் விதையின் ஓடு தடிப்பு. அப்படியே மண்ணில் போட்டால் ஒரு மாதம் கிடந்து அழுகும். விதையின் ஒரு முனை கூராக, இரண்டு சின்ன இதழ் போலப் பிரிந்திருக்கும், முளை அதனூடாகத்தான் வரும். அந்த முனையில் நகவெட்டியால் வெளி ஓட்டின் நுனியை மட்டும் ஒரு நூல் அளவு உடையுங்கோ. உள்ளே வெள்ளைப் பருப்புத் தெரியலாம், வெட்டுப்படக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓரிரவு. பிறகு ஈரப் பேப்பர் டவலில் சுற்றி 28 பாகையில். ஒரு கிழமைக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வேர் அரை அங்குலம் வந்ததும் வேர் கீழாக, 2 சென்ரிமீற்றர் ஆழத்தில் சாடியில் வையுங்கோ. வேர் டவலில் ஓடிப் பின்னிய பிறகு பிரித்தால் நுனி முறியும்.

பீற் சாடி என்றால் நடும்போது விளிம்பைக் கிழித்துவிட வேண்டும். விளிம்பு மண்ணுக்கு மேலே நின்றால் திரியாகி உள் ஈரத்தை வெளியே இழுத்துக் காய வைக்கும்.

மே 5 · வளவு

கத்தரி ஆறு இலையில் நிற்கிறது. பகலில் 19 பாகை. வெளியே வைக்கலாமா? கறிவேப்பிலையும் குளிர்காலத்தில் இலை கொட்டிக் குச்சியாக நிற்கிறது.

மே 5 · நாற்றுமேடை

பகல் வெப்பத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இரவைப் பாருங்கோ. இப்போது பழக்கத் தொடங்கலாம், நடக் கூடாது. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், காற்றுப் படாத சுவரோரம். நாளுக்கு நாள் கூட்டி, நாலாம் ஐந்தாம் நாள் காலை வெயில், ஒன்பது பத்து நாளில் முழு வெயில். லைற்றின் கீழ் வளர்ந்த இலை நேரே வெயிலுக்குப் போனால் அன்று பின்னேரமே வெள்ளைத் திட்டு விழும். அது நோயில்லை, வெயில் சுட்டது. அந்த இலை போனாலும் குருத்து இருந்தால் தேறிவிடும்.

மே 6 · கீரைப்பாத்தி

கறிவேப்பிலைக்கு: தண்டை நகத்தால் சுரண்டுங்கோ. உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. இலைக் காம்பிலும் தண்டிலும் மண்ணிறப் பொட்டுப் போல ஒட்டிக்கொண்டு, கை வைத்தால் பிசுபிசுத்தால் செதில் பூச்சி. பழைய பல் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கோ, கிழமைக்கு ஒருமுறை, மூன்று நாலு தரம். தெளித்துவிட்டுப் போனால் செதிலுக்குள் இருப்பது சாகாது. பிறகு குச்சியை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் வெட்டின இடத்தின் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். வெளியே வைப்பது இரவு 12 பாகைக்குக் கீழ் போகாதபோது.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. குழாய்த் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சாடியில் சேர்ந்துகொண்டே போகும். இரும்பு கீலேற் (செடி உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள இரும்புப் பசளை) கலந்து விடலாம், மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது. புளித்த மோர் பலர் ஊற்றுவது, நானும் தடுக்க மாட்டேன், ஆனால் நன்றாகத் தண்ணீர் கலந்து, மாதம் ஒருமுறை. வீட்டுக்குள் ஊற்றினால் சின்ன ஈ மொய்க்கும்.

மே 12 · வளவு

பக்கத்து வளவில் பெரிய வால்நட் மரம். அதன் கொப்பு வேலிக்கு மேலால் வருகிறது. நிழல் அதிகமில்லை. பரவாயில்லையா?

மே 12 · பந்தல்

கறுப்பு வால்நட் என்றால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அதன் வேரிலும் இலையிலும் கோதிலும் இருந்து ஜக்லோன் என்ற பொருள் மண்ணில் இறங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு இந்தக் குடும்பத்துக்கு அது நஞ்சு. தண்ணீர் இருந்தும் செடி வாடும், தண்டைப் பிளந்தால் உள்ளே மண்ணிறமாக இருக்கும். வேர் கொப்பு விரிந்த எல்லையையும் தாண்டிப் போகும். அந்தப் பாத்தியில் பயிற்றை, பீற்றூட், கரட், வெங்காயம் போடுங்கோ. கத்தரிக் குடும்பம் மற்றப் பாத்தியிலோ பெரிய சாடியிலோ. சாடியை வெறும் மண்ணில் வைக்காமல் கல்லின் மேல் வையுங்கோ, அடித்துளையால் வேர் இறங்கக் கூடாது. அந்த மரத்தின் இலையை மூடாக்காகவும் போட வேண்டாம்.

மே 19 · நாற்றுமேடை

லோங் வீக்கெண்ட் என்று எல்லோரும் தட்டுத் தட்டாகக் கன்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். ரொறன்ரோவில் கடைசி உறைபனி சராசரியாக மே முதல் பாதியில் முடிவது உண்மை. தக்காளிக்கு அது போதும். கத்தரிக்கும் வெண்டிக்கும் பாகலுக்கும் போதாது. உறைபனி இல்லாவிட்டாலும் இரவு 10 பாகைக்குக் கீழ் நாலைந்து நாள் தொடர்ந்தால் கத்தரி சுருண்டு ஊதா பிடித்து நின்றுவிடும், பூ வரப் பிந்தும். மண் சூடு 18 பாகை, இரவு 13, இரண்டும் தொடர்ந்து ஒரு கிழமை இருக்க வேண்டும். சமையல் தெர்மோமீற்றரைக் காலை எட்டு மணிக்கு 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்திப் பாருங்கோ.

மே 20 · பந்தல்

இடமும் பார்க்க வேண்டும். ஸ்காபரோவில் ஏரிப் பக்கம் உறைபனி முந்தி முடியும், ஆனால் ஏரிக் காற்றில் மே மாதப் பகல் குளிர்ந்தே இருக்கும். மார்க்கம், பிரம்ரன் பக்கம் பகல் சூடு கூட, தெளிந்த இரவில் உறைபனி பிந்தியும் விழும். கறுப்பு பிளாஸ்ரிக்கைப் பாத்தியில் இழுத்து விரித்து ஓரத்தை மண்ணால் மூடினால் மண் ஒரு கிழமை முந்திச் சூடேறும். மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், இடையில் காற்று நின்றால் பலன் இல்லை. வெண்டிக்கு இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

ஜூன் 2 · வளவு

காலையில் மண் 19. இரவு 14. எல்லாம் நட்டாயிற்று. கத்தரி 60 சென்ரிமீற்றர் இடைவெளி. பாகல், புடோல் வடக்கு வேலிப் பக்கம், பந்தல் 2 மீற்றர்.

ஜூன் 2 · பந்தல்

வடக்குப் பக்கம் பந்தல் சரியான முடிவு, நிழல் பாத்தியில் விழாது. இன்று பின்னேரமே ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் கடதாசிக் குவளையின் அடியை வெட்டி வளையமாகப் போடுங்கோ. 3 சென்ரிமீற்றர் மண்ணுக்குள், 5 வெளியே. வெட்டுப் புழு இரவில் வந்து தண்டைச் சுற்றி அரிந்து விழுத்தும். அணில் கிண்டும் இடத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை மண்ணின் மேல் படுக்கவைத்து, செடி வரும் இடத்தில் வெட்டி விடுங்கோ. மிளகாய்த் தூள் முதல் மழையோடு போய்விடும்.

ஜூன் 9 · வளவு

கத்தரி இலையில் ஊசி குத்தினது போல நூறு ஓட்டை.

ஜூன் 9 · நாற்றுமேடை

தத்து வண்டு. கறுப்பு, எள்ளை விடச் சின்னது, கையைக் கிட்டக் கொண்டுபோனால் பாயும். மெல்லிய துணியால் மூடி ஓரத்தை மண்ணில் புதையுங்கோ, பூ வந்ததும் எடுத்துவிடலாம். செடி பத்து இலை தாண்டினால் வண்டைத் தாங்கும். இலையின் கீழே செம்மஞ்சள் முட்டை குவியலாக இருந்தால் அது உருளைக்கிழங்கு வண்டு, விரலால் நசுக்குங்கோ, கிழமைக்கு இரண்டு முறை பார்த்தால் மருந்தே வேண்டாம். ஒன்ராறியோவில் வீட்டு வளவுக்குப் பூச்சிமருந்து அடிப்பதற்கு 2009 ஏப்ரல் முதல் கட்டுப்பாடு இருக்கிறது. ஊரில் இருந்து போத்தலில் கொண்டுவந்த மருந்தைத் தின்னுகிற காயில் தெளிப்பது எந்த வகையிலும் வேண்டாம்.

ஜூன் 21 · வளவு

அவரையும் சிறகவரையும் ஆள் உயரம் ஏறிவிட்டன. இலை இலையாக வருகிறது, பூ அரும்பு இல்லை. பசளை போதாதா?

ஜூன் 21 · பந்தல்

மார்ச்சில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். பசளை போட வேண்டாம், இன்னும் இலைதான் வரும். இந்த இரண்டும் குறும்பகல் செடிகள். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலே 13 மணித்தியாலத்தைத் தொடாது. ரொறன்ரோவில் இன்று ஏறக்குறைய 15 மணி 25 நிமிடம். இரவு நீண்டால்தான் இவை பூவுக்குத் திரும்பும், அது செப்ரெம்பர். காய் பிடித்து முற்றுமுன் ஒக்ரோபர் உறைபனி வந்துவிடும். செடியில் ஒரு குறையும் இல்லை, இந்த இடத்துப் பகல் அதற்குப் பொருந்தவில்லை.

ஊர் வெண்டி விதைகளிலும் சிலது இதே குணம், இடுப்பு உயரம் வந்தும் பூக்காது. இங்கே விற்கிற கிளெம்சன் ஸ்பைன்லெஸ் நீண்ட பகலிலும் காய்க்கும். பாகல் பூக்கும், ஆனால் நீண்ட பகலிலும் சூட்டிலும் ஆண் பூவே முதலில் கொட்டும், பெண் பூ பிந்தும். பிடுங்கிவிட வேண்டாம்.

ஜூன் 22 · கீரைப்பாத்தி

அதே நீண்ட பகல் கீரைக்கு வரம். தண்டுக்கீரை, முளைக்கீரை பலதும் குறும்பகலில் பூப்பவை, அதனால் இங்கே ஜூன், ஜூலையில் பூக்காமல் இலையாகவே கொடுக்கும். மண் 20 பாகை தாண்டிய பிறகு தூவுங்கோ. விதை பொடி, மணலோடு கலந்து தூவி, மேலே மண் போடாமல் கையால் அமத்தி விடுங்கோ. வேரோடு பிடுங்காமல் 20 சென்ரிமீற்றரில் நுனியை வெட்டினால் திரும்பத் திரும்ப வரும்.

ஜூன் 23 · வளவு

அப்போ அவரையை வெட்டி எறிவதா?

ஜூன் 23 · பந்தல்

எறிய வேண்டாம். நிலத்தில் நிற்பதைச் செப்ரெம்பர் வரை விடுங்கோ, பூ வரட்டும். சிறகவரையின் இளம் இலையும் குருத்தும் சுண்டலாம். சாடியில் ஒன்று வைத்திருந்தால் ஜூலை நடுவில் இருந்து பின்னேரம் ஆறு மணிக்குக் கராஜுக்குள் இருட்டில் வைத்து, காலை எட்டு மணிக்கு வெளியே எடுங்கோ. 14 மணித்தியால இருட்டு, ஒரு நாளும் தவறாமல் மூன்று கிழமை. இடையில் கராஜ் லைற்றைப் போட்டால் அந்த இரவு கணக்கில் சேராது.

ஜூலை 6 · வளவு

பாகல் பூத்துவிட்டது, பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. தேனீ குறைவு. புடோல் பூ காலையில் போய்ப் பார்த்தால் வாடிக் கிடக்கிறது.

ஜூலை 6 · பந்தல்

பாகல் பூ விடிய விரியும், பத்து மணிக்கு முன் வேலையை முடிக்க வேண்டும். பெண் பூவின் கீழே முள்ளுள்ள சின்னப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவைப் பறித்து இதழைக் களைந்து, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் பச்சை நடுவில் மூன்று நாலு தரம் தொட்டு விடுங்கோ. புடோல் இரவுப் பூ. பொழுது பட்ட பிறகு வெள்ளை நூல் விரித்து நிற்கும்போது அதே வேலை, டோர்ச் லைற்றோடு. சுரையும் பின்னேரம்தான். தொட்ட பூவின் காம்பில் ஒரு நூல் கட்டி விடுங்கோ. மூன்று நாலு நாளில் பிஞ்சு தடித்தால் பிடித்துவிட்டது. கட்டினதும் விழுந்தால் தண்ணீரைப் பாருங்கோ, அந்த வயதுக் கொடிக்கு வெயில் நாளில் காலையும் மாலையும் வேண்டும்.